ஆங்கில மரபுத்தொடர்களை எதைக்கொண்டு வகைப்படுத்துவது?

மாலைத்தென்றல்:

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல்வளம் நடத்தும் பொறுப்பு இந்தப் பருவத்தில் எனக்கு வந்திருக்கிறது. பாடநூலில் மரபுத்தொடர்களுக்கென ஓர் அலகு உண்டு. விலங்குகள், நிறங்கள், உடலுறுப்புகள், உணவு என்ற தலைப்புகளின் கீழே தொடர்களை அடுக்கிப் பொருளும் எழுதியிருக்கிறார்கள். ‘ரெட் டேப்’பும் ‘ரெட் ஹெரிங்’கும் சிவப்பு என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது அலுவலக நடைமுறைகளின் இழுத்தடிப்பைக் குறிக்கும், பின்னது கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த்தடத்தைக் குறிக்கும் என்பதற்கு மேல் அவற்றின் இயல்பைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை.

உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டினால் கிடைக்காத பொருளைத் தருவதே மரபுத்தொடர் என்ற வரையறை அலகின் தொடக்கத்தில் இருக்கிறது. ‘கிக் த பக்கெட்’டுக்கு அது பொருந்துகிறது; வாளியை உதைப்பதற்கும் சாவதற்கும் வெளிப்படையான தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் கவனம் செலுத்துவதைச் சொல்லும் ‘பே அட்டென்ஷன்’ என்பதையும் அதே அலகில் சேர்த்திருக்கிறார்கள். அதில் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது? இவ்விரண்டும் ஒரே இனம் என்றால் எந்த அடிப்படையில்? வேறு இனம் என்றால் மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது? தொடர்களின் பட்டியல் என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது. பகுப்பின் அடிப்படையைத்தான் அறிய விரும்புகிறேன்.

சொல்லாய்வன்:

பொருள் ஒளிந்திருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து அளந்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும், ஏனென்றால் அந்த ஒளிவு கூடியும் குறைந்தும் வருவது. சார்ல் பாலி 1909ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தொடர்களை ஆராய்ந்து தொடங்கிவைத்த வேலையை 1940களில் ரஷ்ய அறிஞர் விக்டர் வினகிராதவ் மூன்று படிகளாக விரித்தார். உறுப்புச் சொற்களின் பொருள் முற்றிலும் கரைந்துபோய், ஏன் இந்தப் பொருள் வந்தது என்று அம்மொழியைப் பேசுவோருக்கே விளங்காதவை முதற்படி. ‘கிக் த பக்கெட்’ அங்கே நிற்கும். தொடர் முழுவதும் ஓர் உருவகமாக நின்று, அந்த உருவகத்தைப் பிடித்துக்கொண்டால் பொருளும் பிடிபடுபவை இரண்டாம் படி. மெல்லிய பனித்தளத்தின் மேல் சறுக்குவதாகச் சொல்லி ஆபத்தான செயலைக் குறிக்கும் ‘ஸ்கேட் ஆன் தின் ஐஸ்’ இவ்வகை. ஒரு சொல் தன் இயல்பான பொருளிலேயே இருக்க, அதனோடு சேரும் மற்றச் சொல்லை மட்டும் மரபு கட்டிப்போட்டிருப்பவை மூன்றாம் படி. உங்கள் ‘பே அட்டென்ஷன்’ இங்கே வருகிறது. அட்டென்ஷன் அட்டென்ஷனாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் எந்த வினை வரலாம் என்பதில் நமக்கு உரிமை இல்லை. வினகிராதவ் வகுத்தது ரஷ்ய மொழிக்காக. முன்னாள் சோவியத் நாடுகளில் எழுதப்படும் ஆங்கிலச் சொல்லியல் நூல்கள் இன்றளவும் இந்த மூன்று படிகளைத்தான் ஆங்கிலத்துக்கும் பயன்படுத்துகின்றன.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு தொடர் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பேசுபவரின் உள்ளுணர்வுதான் முடிவு செய்கிறது. உங்களுக்குத் தெளிவாக இருக்கும் உருவகம் எனக்கு இருட்டாக இருக்கலாம். அதைவிட உறுதியான பிடி இலக்கணத்தில் கிடைக்கிறது. பீன்ஸைக் கொட்டிவிட்டான் என்ற சொல்லமைப்பில் இரகசியத்தை வெளியிட்டான் என்ற பொருளைத் தரும் ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று செயப்பாட்டு வினைக்கு மாற்றினாலும் இரகசியம் வெளியான பொருள் அப்படியே இருக்கிறது. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்று மாற்றினாலோ யாரும் சாவதில்லை, உண்மையாகவே ஒரு வாளிதான் உதைபடுகிறது. இரண்டுமே முதற்பார்வைக்கு ஒரே அளவு இருண்ட தொடர்கள். அப்படியிருக்க ஒன்று வளைகிறது, மற்றொன்று முறிகிறது.

இதற்கான விளக்கத்தை ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ ஆகிய மூவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக வைத்தார்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்பதில் மரபுப்பொருள் இரண்டு துண்டுகளாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது; கொட்டுதல் வெளியிடுதலுக்கும் பீன்ஸ் இரகசியத்துக்கும் நிற்கின்றன. எனவே ‘பீன்ஸ்’ என்ற சொல்லை முன்னே நகர்த்தினாலும் அது தன் பங்குப் பொருளைக் கூடவே எடுத்துச் செல்கிறது. ‘கிக் த பக்கெட்’டில் சாவு என்ற பொருள் முழுத்தொடரின் மேலும் ஒரே கட்டியாகக் கிடக்கிறது; வாளிக்கென்று தனிப்பங்கு எதுவும் இல்லாததால் அதைத் தனியே நகர்த்த வழியில்லை. செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் சாதிப்பதைக் குறிக்கும் ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’ பீன்ஸ் தொடரின் வகையைச் சேர்ந்தது. ‘புல்ட் எ ஃப்யூ ஸ்ட்ரிங்ஸ்’ என்று எண்ணிக்கை சேர்க்கலாம். அந்தச் சில என்பது கயிறுகளை எண்ணாமல் செல்வாக்குத் தொடர்புகளை எண்ணும்.

சாவுத்தொடரில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்று வாரமாகச் செத்துக்கொண்டிருந்தார் என்பதை ஆங்கிலத்தில் ‘டையிங்’ என்ற வடிவத்தால் இயல்பாகச் சொல்லலாம். அதே இடத்தில் மூன்று வாரமாக ‘கிக்கிங் த பக்கெட்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் நெற்றியைச் சுருக்குவார். உதைத்தல் நொடியில் முடியும் செயல். பொருள் முழுதும் கரைந்துவிட்டது என்று நாம் நம்பிய தொடரிலும் அந்த நொடித்தன்மை மட்டும் கரையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரும்பலகை:

வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்து ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை என்ற முறையில் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். சொல்லாய்வன் அவர்களின் சோதனைகள் ஆய்வரங்கத்துக்கு ஏற்றவை. முதலாண்டு மாணவனுக்கு எது செயப்பாட்டு வினையை ஏற்கும், எது ஏற்காது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் அவன் அதை மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். தொடர் பிறந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தால் அது அவன் மனத்தில் தங்கும். எனவே பிறப்பிடத்தைக்கொண்டு வகுப்பதே பயனுள்ள பகுப்பு என்பது என் கருத்து.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாகப் பரவிய தொடர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘த ஆப்பிள் ஆஃப் ஹிஸ் ஐ’, ‘த சால்ட் ஆஃப் த எர்த்’ ஆகியவற்றுக்குத் தமிழ் விவிலியத்தில் கண்மணி என்றும் பூமிக்கு உப்பு என்றும் நிகரான வழக்குகள் இருப்பதால் நம் மாணவர்கள் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்கிறார்கள். தானியேல் ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அரண்மனைச் சுவரில் விரல்கள் தோன்றி எழுதிய காட்சியைச் சொல்லிவிட்டால், வரப்போகும் கேட்டின் அறிகுறியைக் குறிக்கும் ‘த ரைட்டிங் ஆன் த வால்’ என்பதற்கு வேறு உரையே வேண்டாம். மயிரிழையில் தப்புவதைச் சொல்லும் ‘பை த ஸ்கின் ஆஃப் யுவர் டீத்’ யோபு ஆகமத்திலிருந்து வந்தது. பல்லுக்கு ஏது தோல் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அந்தக் கேள்வியே தொடரை நினைவில் நிறுத்திவிடும்.

கடல்வழி வந்தவையும் அப்படித்தான். எதிர்பாராததைக் கண்டு திகைத்துப்போவதை ‘டேக்கன் அபேக்’ என்கிறார்கள். பாய்மரக் கப்பலில் காற்று திடீரென முன்பக்கமாகத் திரும்பிப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்தும்போது கப்பல் தடுமாறி நின்றுவிடும். அந்த நிலைக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய பிறகு எந்த மாணவனும் இத்தொடரைத் தவறாகப் பயன்படுத்தி நான் கண்டதில்லை.

மொழிபெயர்ப்பு மேசை:

பிறப்பிடத்தைச் சொல்லிக் கற்பிப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, அந்தப் பிறப்பிடம் உண்மையாக இருக்கும் வரையில். மரபுத்தொடர்களைச் சுற்றிப் புனைகதைகள் மண்டிக் கிடக்கின்றன. கனமழையைக் குறிக்கும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதற்குக் கூரைவேய்ந்த வீடுகளின் மேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்ற விளக்கம் நம் ஊர்ப் பயிற்சிக் கையேடுகளில்கூட அச்சேறியிருக்கிறது. அது 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிவந்த வேடிக்கைக் குறிப்பு ஒன்றின் பகுதி. எழுத்தில் கிடைக்கும் சான்று வேறு திசையில் போகிறது. 1653இல் அச்சான ரிச்சர்ட் ப்ரோமின் நாடகம் ஒன்றில் நாய்களும் மரநாய் போன்ற ‘போல்கேட்’களும் மழையாகப் பொழியும் என்று வருகிறது; பூனையும் நாயும் சேர்ந்த இன்றைய வடிவத்தை 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதினார், அதுவும் மேட்டுக்குடியினரின் தேய்ந்துபோன பேச்சைக் கேலி செய்வதற்காக. அப்போதே தேய்வழக்காகிவிட்ட ஒன்றை நாம் இன்று புதுச்சரக்காகக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்!

அனுபவத்தால் கைவந்த தோராய விதியைக் குறிக்கும் ‘ரூல் ஆஃப் தம்ப்’ இன்னொரு சான்று. கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்ற சட்டத்திலிருந்து அது வந்ததாக ஒரு கதை. பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிக் கூறியதாக 1782இல் பேச்சு கிளம்பி, கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் கட்டைவிரல் நீதிபதியாக்கி வரைந்தது உண்மை. ஆனால் இத்தொடர் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, கையளவையால் வேலை செய்வது என்ற பொருளில் புழங்கியிருக்கிறது. ‘ரெட் ஹெரிங்’ பிறந்த கதையும் இப்படித்தான். புகையிட்டுச் சிவந்த மீனை இழுத்துப்போய் வேட்டை நாய்களைத் தடம் மாற்றியதாக 1807இல் வில்லியம் காபெட் தன் இதழில் ஒரு கதை சொல்லி, நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச்செய்தியில் ஏமாந்த செய்தித்தாள்களை அதனோடு ஒப்பிட்டுச் சாடினார். அந்த உவமைதான் தொடருக்கு இன்றைய பொருளைக் கொடுத்தது. மீனை இழுத்துத் தடம் மாற்றும் வழக்கம் வேட்டைக்காரர்களிடம் இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

கதை பொய்யாக இருந்தாலும் நினைவுக்கு உதவினால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு 1995இல் போவஸ் கைசரும் பிரிட்ஜெட் பிளையும் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். வழக்கொழிந்த பழைய ஆங்கிலத் தொடர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாத்து உயரத்தில் தொங்குகிறது என்னும் சொல்லமைப்புடைய ‘த கூஸ் ஹாங்ஸ் ஹை’ அவற்றுள் ஒன்று; நிலைமை நன்றாக இருக்கிறது என்பது அதன் பழைய பொருள். ஒரு சாராருக்கு அந்தப் பொருளையும், மறுசாராருக்கு நேர் எதிரான பொருளையும் கற்றுக்கொடுத்தார்கள். எதைக் கற்றார்களோ அதுவே அந்தச் சொற்களுக்கு இயல்பாகப் பொருந்துவதாக இருசாராரும் கருதினார்கள். மற்றப் பொருள் அந்தத் தொடருக்கு எப்படி வரும் என்று வியக்கும் அளவுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. தொடரின் படம் பொருளைக் காட்டுகிறது என்று நாம் நினைக்கும்போது, பல நேரங்களில் முன்பே தெரிந்த பொருள்தான் படத்தை வரைந்து கொடுக்கிறது.

கரும்பலகை:

அந்த ஆய்வு என் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது என்று நினைக்கிறேன். பொருளைச் சொல்லிக் கொடுத்தவுடன் மனம் தானாகவே ஒரு படத்தைத் தேடிப் பொருத்திக்கொள்கிறது என்றால், அந்தத் தேடலுக்கு நல்ல படத்தை எடுத்துக் கொடுப்பது ஆசிரியரின் வேலைதானே? பொய்க்கதைகளைக் களையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் படமே வேண்டாம் என்று எவரும் என்னை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

சொல்லாய்வன்:

கரும்பலகை அம்மா அவர்களின் பக்கம் நிற்கும் சான்றையும் சொல்லிவிடுவது முறை. சினத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களில் பெரும்பாலானவை உடலை மூடிய பாத்திரமாகவும் சினத்தை அதற்குள் சூடேறும் பொருளாகவும் கொள்கின்றன என்று ஜார்ஜ் லேகாஃபும் சோல்டான் கொவெசெஷும் காட்டினார்கள். ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ என்றால் ஆவியை வெளியேற்றுதல், ‘ஃப்ளிப் யுவர் லிட்’ என்றால் மூடி பறத்தல், ‘ஹிட் த சீலிங்’ என்றால் உட்கூரையில் போய் மோதுதல். இந்தத் தொடர்களைக் கேட்டதும் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று 1990இல் ரேமண்ட் கிப்ஸும் ஜெனிஃபர் ஓபிரையனும் பலரிடம் கேட்டபோது, வெடிப்புக்குக் காரணம் உள்ளழுத்தம், அது தன்வசமின்றி நடப்பது என்பன போன்ற நுட்பங்களில் விடைகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தன. எனவே படம் முழுக்கப் பொய்த்தோற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே உருவகத்தின் கீழ்ப் பல தொடர்கள் கூடும் இடங்களில் படத்தை நம்பலாம். தனித்து நிற்கும் ‘ரெட் ஹெரிங்’ போன்றவற்றில் அது கைவிடும். நிறவாரியாக அடுக்குவதைக் காட்டிலும் இத்தகைய உருவகக் குடும்பங்களாக அடுக்குவது மாலைத்தென்றல் அவர்களின் வகுப்புக்குப் பயன்படும்.

தெற்குவாசல்:

நெடுநாளாக வாசித்துவரும் நான் இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். அலுவலக மின்னஞ்சல்களில் எனக்குத் தடையாக நிற்பவை வாளியும் வாத்தும் இல்லை. ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘கால் ஆஃப்’, ‘மேக் அப்’ போன்றவைதான் ஒவ்வொரு நாளும் இடறுகின்றன. இவற்றை மரபுத்தொடர் என்று எண்ணுவதா, வெறும் வினைச்சொற்கள் என்று எண்ணுவதா?

சொல்லாய்வன்:

இந்த இழையில் மிக முக்கியமான கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைக் குறிப்பிட்டார்: வினையோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் முறை வேறெந்த மொழியையும் விட ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலாருக்குப் பெருந்தொல்லை தருவது அதுவே என்றும் எழுதினார். இத்தகைய வினைகளுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அச்சில் நிலைபெற்றது 1925இல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாக. அந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி.

இவற்றில் பொருள் முற்றாகக் கரைந்தவையும் உண்டு, பாதி தெரிபவையும் உண்டு. பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருளை ‘புட்’, ‘அப்’, ‘வித்’ என்ற மூன்று சொற்களில் எதிலும் காட்ட முடியாது. அந்த அளவுகோலில் ‘புட் அப் வித்’ வாளித்தொடருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ‘கம் இன்’, ‘ஸிட் டவுன்’ என்பவற்றில் ஒளிவே இல்லை. ஆகவே இங்கேயும் இலக்கணத்தைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வாக்கியங்களை அருகருகே வையுங்கள்: ‘ஹி ரேன் அப் எ ஹில்’, ‘ஹி ரேன் அப் எ பில்’. ஒலியில் ஓரெழுத்துதான் வேறுபாடு. முதலாவதில் ‘அப்’ குன்றோடு சேர்ந்தது. ‘அப் த ஹில் ஹி ரேன்’ என்று இரண்டையும் ஒன்றாக முன்னே தூக்கலாம். இரண்டாவதில் கடன் தொகையை ஏற்றிக்கொண்டான் என்பது பொருள். அங்கே ‘அப்’ வினையோடு சேர்ந்தது. ‘ஹி ரேன் த பில் அப்’ என்று அதைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ‘அப் த பில் ஹி ரேன்’ என்று சொல்ல முடியாது. குன்றில் இதற்கு நேர்மாறு.

பிரிக்கக்கூடிய வகையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அகராதியில் சொல்லைத் தேடினேன் என்பதற்கு ‘லுக்ட் அப் த வேர்ட்’, ‘லுக்ட் த வேர்ட் அப்’ இரண்டும் சரி. ஆனால் சொல்லின் இடத்தில் ‘இட்’ என்ற சுட்டுப்பெயர் வந்துவிட்டால் ‘லுக்ட் இட் அப்’ ஒன்றுதான் சரி. பராமரித்தலைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ பிரியவே பிரியாது. நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இட அமைப்பில்தான். பொருளை எவரும் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பழக்கத்தால்தான் பெற முடியும்.

நீதிமன்ற வளாகம்:

யாரும் தொடாத ஒரு வகையை வழக்கறிஞன் என்ற முறையில் நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் இணைமொழி என்று வழங்கும் அமைப்பு ஆங்கிலத்தில் மிகுதி. சட்ட ஆவணங்களில் அது மொய்த்துக் கிடக்கிறது. செல்லாததற்கு ‘நல் அண்ட் வாய்ட்’, உயிலுக்கு ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’, உடைமைகளுக்கு ‘குட்ஸ் அண்ட் சேட்டல்ஸ்’, ஒரு செயலை நிறுத்துவதற்கு ‘சீஸ் அண்ட் டிஸிஸ்ட்’ என்று எல்லாமே இரட்டையாக வரும். யாக்கோவ் மால்கீல் 1959இல் இவற்றை ஆராய்ந்து, முறைமாற்ற முடியாத இணைகள் என்று பெயரிட்டார். ‘வாய்ட் அண்ட் நல்’ என்று திருப்பி எழுதினால் பொருள் கெடுவதில்லை, ஆனால் ஆங்கிலம் கெட்டுவிடும்.

நார்மானியர் வெற்றிக்குப் பிறகு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு கோலோச்சியது. அந்த மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்று கூறி, வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லி 1362இல் ஒரு சட்டமே வந்தது. இரண்டு தரப்புக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலச் சொல்லையும் பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து எழுதியதால் இந்த இணைகள் பிறந்தன என்பது சட்டக்கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ‘வில்’ பழைய ஆங்கிலம், ‘டெஸ்டமென்ட்’ லத்தீன். ‘குட்ஸ்’ ஆங்கிலம், ‘சேட்டல்ஸ்’ பிரெஞ்சு. இந்த அளவில் விளக்கம் பொருந்துகிறது. ஆனால் ‘சீஸ்’, ‘டிஸிஸ்ட்’ இரண்டுமே பிரெஞ்சு வழி வந்தவை. அங்கே மொழிபெயர்ப்புக்குத் தேவையே இல்லை. அடுக்கிச் சொன்னால் அழுத்தம் கூடும், எதிர்த்தரப்புக்கு ஓட்டை கிடைக்காது என்ற வரைவாளரின் முன்னெச்சரிக்கைதான் காரணமாக இருக்க வேண்டும்.

இவ்விணைகளுக்குள் செத்த சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. நம் இந்தியக் கடவுச்சீட்டை எடுத்து உட்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இருக்கும். அனுமதித்தல் என்ற பொருளில் நாம் அறிந்த ‘லெட்’ அது அன்று. தடுத்தல் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த வேறொரு சொல். பொதுவழக்கில் அது மறைந்துவிட்டது. உற்றார் உறவினரைக் குறிக்கும் ‘கித் அண்ட் கின்’ என்பதில் உள்ள ‘கித்’தும், ‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’டில் உள்ள ‘ஷ்ரிஃப்ட்’டும் இப்படித் தொடருக்குள் மட்டும் உயிர்வாழ்பவை. பின்னது பாவமன்னிப்பு அறிக்கை. தூக்கிலிடப்படுபவனுக்குப் பாதிரியாரிடம் பேசக் கொடுக்கப்பட்ட சில நொடிகளே, அக்கறையின்றி விரைவாகத் தள்ளிவிடுதல் என்ற இன்றைய பொருளைத் தந்தன.

மாலைத்தென்றல்:

நான் கேட்டதைவிடப் பன்மடங்கு கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. நிறம், விலங்கு என்ற தலைப்புகளை விட்டுவிட்டு, குன்றையும் கடனையும் கொண்ட அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து முதல் வகுப்பைத் தொடங்கப்போகிறேன். ஐயம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆவன செய்க என்பதற்கு நம் அலுவலகங்களில் எழுதும் ‘டூ த நீட்ஃபுல்’, கல்லூரியில் படித்து முடிப்பதைக் குறிக்கும் ‘பாஸ் அவுட்’ ஆகியவற்றை மரபுத்தொடர் என்று ஏற்பதா, பிழை என்று திருத்துவதா? அவ்வாறே ‘ஐ குட் கேர் லெஸ்’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். இணையத்தில் வரும் நாடகத்தொடர்களில் கேட்டதாகச் சொல்கிறாள்.

மொழிபெயர்ப்பு மேசை:

முதலில் ஒரு பாகுபாட்டைச் சொல்கிறேன். அதில் உங்கள் ‘பே அட்டென்ஷன்’ சிக்கலும் தீரும். ஆடம் மக்காய் 1972இல் கேட்பவருக்குச் சிக்கல் தரும் தொடர்கள் என்றும் சொல்பவருக்குச் சிக்கல் தரும் தொடர்கள் என்றும் இரண்டாகப் பிரித்தார். வாளித்தொடர் முதல்வகை, தெரியாதவன் கேட்டால் விளங்காது. இரண்டாம் வகையில் கேட்டவுடன் விளங்கிவிடும், ஆனால் நாமாகச் சொல்ல முயன்றால் அந்தச் சொற்கள் வாயில் வராது. அழைப்புமணி கேட்டுப் போய்க் கதவைத் திறப்பதை ‘ஆன்ஸர் த டோர்’ என்கிறார்கள். பொருள் புரியாதவர் இல்லை, தெரியாமல் தானாக அமைக்கக்கூடியவரும் இல்லை. தேநீர் ‘ஸ்ட்ராங்’, மகிழுந்து ‘பவர்ஃபுல்’. தவற்றுக்கு ‘மேக்’, வீட்டுப்பாடத்துக்கு ‘டூ’. நம் மாணவர்களின் ஆங்கிலம் இலக்கணப் பிழையின்றி இருந்தும் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும். பாடநூல்கள் முதல்வகைக்கே பக்கங்களை ஒதுக்குகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்; வாளித்தொடரை நிகழ்கால ஆங்கில எழுத்தில் தேடினால் அரிதாகவே கிடைக்கும், ‘மேக் எ மிஸ்டேக்’ பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

இனி உங்கள் ஐயம். ‘டூ த நீட்ஃபுல்’ நாம் புனைந்தது இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இயல்பாக வழங்கிய அலுவல் தொடர். அங்கே அது மங்கிவிட்டது, தெற்காசிய அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. இந்திய வாசகருக்கு எழுதும் கடிதத்தில் அதைத் திருத்தத் தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் அவர்களுக்கு அது பழுப்பேறிய கோப்பின் வாடையை அடிக்கும். ‘பாஸ் அவுட்’ என்பது பிரிட்டிஷ் படைப்பயிற்சிக் கழகங்களில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு இன்றும் உள்ள வழக்கு. நாம் அதைக் கல்லூரிக்கு விரித்துக்கொண்டோம். பிறநாட்டவர் அதை மயங்கி விழுதல் என்றே முதலில் புரிந்துகொள்வார்கள் என்பதால், வேலைக்கான விண்ணப்பத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றச் சொல்வது மாணவருக்கு நல்லது.

மூன்றாவதுதான் சுவையானது. எள்ளளவும் அக்கறை இல்லை என்பதற்கு முழுவடிவம் ‘ஐ குடண்ட் கேர் லெஸ்’. இதற்கு மேல் அக்கறையைக் குறைக்க முடியாது என்று எதிர்மறை அங்கே வேலை செய்கிறது. அமெரிக்கப் பேச்சில் அந்த எதிர்மறை உதிர்ந்துபோய், சொல்லுக்குச் சொல் பார்த்தால் நேர்மாறாகப் பொருள்படும் ‘குட் கேர் லெஸ்’ அதே பொருளில் புழங்குகிறது. மரபுத்தொடரின் பொருள் உறுப்புகளைக் கூட்டிக் கிடைப்பது இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஓர் உறுப்பை, அதுவும் மறுப்புறுப்பையே பிடுங்கி எறிந்த பிறகும் பொருள் அசையவில்லை. பிரிட்டிஷ் வாசகர்கள் அதைப் பிழை என்றே கருதுவார்கள். அமெரிக்காவிலும் பேச்சில் பொறுத்துக்கொள்ளும் பலர் எழுத்தில் பொறுத்துக்கொள்வதில்லை. எனவே அந்த மாணவியின் விடைத்தாளில் அடிக்கோடிட்டு முழுவடிவத்தைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். உரையாடல் எழுதும் பயிற்சியில் ஓர் அமெரிக்கப் பாத்திரத்தின் வாயில் அவள் அதை வைத்திருந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.